அரிசி டிரம்முக்குள் ஓர் இரத்தக் காட்டேரி

கேள்வி: நாங்கள் சென்னிமலைப் பக்கம். கணவர் விசைத்தறி வைத்திருக்கிறார். ஒரே மகள், பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு மாதமாக இரவில் போர்வைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு, தோழி ஒருத்தியிடம் வாங்கி வந்த தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் படிக்கிறாள். அட்டையில் ஆப்பிள் படம் இருந்ததால் அறிவியல் புத்தகம் என்றே நினைத்திருந்தேன். போன வாரம் தலை பின்னிவிடும்போது கழுத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துப் பதறிப்போனேன். தேய்த்துப் பார்த்தால் பேனா மை. கேட்டால் சிரிக்கிறாள். அதற்குப் பிறகுதான் அவளுடைய ரஃப் நோட்டைப் புரட்டினேன். "என்னை இப்படி யாரும் பார்த்ததே இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறாள். புத்தகத்தின் பெயர் ட்விலைட். இரத்தம் குடிக்கும் பேயை ஒரு பெண் காதலிக்கும் கதையாம். பேயைப் போய் யாராவது காதலிப்பார்களா? காற்றுக் கருப்பு அண்டியிருக்கிறது, ஆனைமலைக்குக் கூட்டிப் போய்வரலாம் என்கிறார் என் மாமியார். நான் புத்தகத்தை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து மகள் என்னோடு பேசுவதில்லை. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து போய் அவள் தூங்குகிறாளா என்று பார்க்கிறேன். நான் செய்தது சரிதானா? இந்தக் கதைகள் பிள்ளைகளைக் கெடுத்துவிடாதா?

பதில்:

அன்புள்ள அம்மணி (உங்களை இப்படி அழைக்க என் வயதும் நம் ஊர் வழக்கமும் இடம் கொடுக்கின்றன),

முதலில் அந்தச் சிவப்புப் புள்ளிகள். ஈரோட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் வேலையில் எனக்கு 22 வருடம் ஆகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஆறு பேரை வரிசையாக என்னிடம் அனுப்பினார்கள். ஆறு பேர் கழுத்திலும், இடது காதுக்குக் கீழே, ஒரு விரற்கடை இடைவெளி விட்டு இரண்டு சிவப்புப் புள்ளிகள். வகுப்பாசிரியைக்குக் கை நடுக்கமே வந்துவிட்டது. விசாரித்தால், இதே ட்விலைட்டின் முதல் பாகத்தை முழுதாகப் படித்து முடித்தவர்கள் மட்டுமே அந்தப் புள்ளியை வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்குள் ஒரு சட்டம். ஏழாவதாக ஒருத்தி படிக்காமலேயே வைத்துக்கொண்டு வந்து மாட்டிக்கொள்ள, சண்டை வந்து விஷயம் வெளியே தெரிந்திருக்கிறது. உங்கள் மகளும் இப்படி ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புத்தகத்தை ஒரு தோழியிடம் வாங்கியிருக்கிறாள், புள்ளியைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறாள். சேர்ந்து சிரிக்க ஆள் இருக்கும் பிள்ளை அவள். உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த செய்தி இதுதான்.

ஆப்பிளைப் பார்த்து அறிவியல் புத்தகம் என்று நினைத்ததும் பெரிய தவறில்லை. கதாநாயகனும் கதாநாயகியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதே உயிரியல் வகுப்பில்தான். நான் நான்கு பாகங்களையும் படித்தவள். ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. என் அறையில் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு, "படிக்காமல் அதைப் பற்றிப் பேசாதீர்கள் மேடம்" என்று சொல்லிவிட்டாள், ரோஷத்தில் படித்தேன். கதாநாயகன் கண் என்ன நிறம் என்பதை நூலாசிரியை எத்தனை தடவைதான் சொல்வாரோ! மூன்றாம் பாகம் பாதியில் கொட்டாவி வந்தது. அப்படியும் கீழே வைக்க முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கதை இதுதான். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓயாமல் மழை பெய்யும் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு, அப்பாவோடு இருக்க வருகிறாள். அப்பா அந்த ஊர் போலீஸ் தலைவர். வகுப்பில் பக்கத்து இருக்கைப் பையனும் பார்வைக்குப் பதினேழுதான். ஆனால் பிறந்தது 1901இல். 1918இல் ஸ்பானிஷ் ஃப்ளூவில் சாகக் கிடந்தவனை ஒரு மருத்துவர் இரத்தக் காட்டேரியாக்கிப் பிழைக்க வைத்திருக்கிறார். அந்தக் குடும்பம் மனித இரத்தத்தைத் தொடுவதில்லை, காட்டு விலங்குகளோடு நிறுத்திக்கொள்கிறது. அதற்காகத் தங்களைச் சைவம் என்று வேறு கேலியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வெயில் பட்டால் இவர்கள் சாவதில்லை, தோல் வைரம்போல மினுங்குகிறது. அதை ஊரார் பார்த்துவிடக் கூடாதென்றுதான் மேகம் கவிந்த ஊராகப் பார்த்துக் குடியிருக்கிறார்கள். சென்னிமலையில் வீடு பிடித்திருந்தால் மாசி தொடங்கி வைகாசி முடியும்வரை பையன் பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைகாட்ட முடியாது.

பேயைப் போய் யாராவது காதலிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடக்கத்தில் யாரும் காதலிக்கவில்லை, நடுங்கிச் செத்தார்கள். 1725இல் செர்பியாவின் ஒரு கிராமத்தில், செத்துச் சில வாரங்களான ஒரு குடியானவரின் குழியைத் தோண்டி, வாயோரம் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, நெஞ்சில் கழியை இறக்கி எரித்தார்கள். ஆஸ்திரிய அதிகாரி ஒருவர் அதை அறிக்கையாகவே எழுதி அனுப்பியிருக்கிறார். பிணம் அழுகும்போது உள்ளே சேரும் வாயு, இரத்தம் கலந்த நீரை வாய்வழியே தள்ளும். தோல் சுருங்குவதால் நகம் வளர்ந்ததுபோலத் தெரியும். அவ்வளவுதான் விஷயம். அந்த ஊதிப்போன பிணத்துக்கு 1819இல் பொலிடோரி என்ற ஆங்கில மருத்துவர் தன் கதையில் பிரபுவின் உடையை மாட்டிவிட்டார். 1897இல் டிராகுலா வந்தான். அந்த நாவலில் அவன் பகலிலும் வெளியே நடமாடுவான்; வெயில் பட்டால் செத்துப்போவான் என்பது 1922இல் வந்த ஒரு ஜெர்மன் மௌனப் படம் கிளப்பிவிட்ட சங்கதி. (காட்டேரி வெயிலில் மினுங்கலாமா, இது மரபா என்று சண்டை போடுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் பிடிக்காது.) ட்விலைட் வந்தது 2005இல். ஆக, குழியில் கிடந்த குடியானவர் வகுப்பறைக்கு வந்து மாப்பிள்ளை ஆக 280 வருடம் பிடித்திருக்கிறது.

நம் பக்கத்துக் கணக்கு வேறு. நம் கதைகளில் ஆவியாகத் திரும்பி வருபவள் பெரும்பாலும் பெண். பழையனூர் நீலியைப் போல, தன்னைக் கொன்றவனைப் பழி வாங்க வருவாள். வேதாளமோ முருங்கை மரத்தில் தொங்கிக்கொண்டு புதிர் போடுமே தவிர, பெண் கேட்டு வராது. அதனால்தான் உங்களுக்கு இந்தக் கதை இத்தனை விசித்திரமாகத் தெரிகிறது.

அப்படியானால் பிள்ளைகளுக்கு அவனிடம் என்னதான் பிடிக்கிறது? நான் கேட்ட பெண்களில் ஒருத்திகூட அவன் பல்லைச் சொன்னதில்லை. அவன் அடக்கத்தைத்தான் சொன்னார்கள். அவளைக் கண்டதும் அவனுக்கு எழும் தாகம் கொஞ்சநஞ்சமல்ல. அதை அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான். மூன்றாம் பாகத்தில், எதுவானாலும் கல்யாணத்துக்குப் பிறகுதான் என்று பிடிவாதம் பிடிப்பவனும் அவனே, அவசரப்படுபவள்தான் அவள். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பையன் நல்ல இடம்தான் போலிருக்கிறது என்பார். நம் ஊரில் ஒரு பெண் வகுப்புப் பையனோடு நின்று இரண்டு வார்த்தை பேசினால், அவள் பஸ் பிடித்து வீடு வருவதற்குள் செய்தி தறிக்கூடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. காகிதத்தில் இருக்கும் காதலனால் அந்த வம்பு இல்லை. பதினைந்து வயதில் எல்லாப் பிள்ளைக்கும் வரும் ஆசையை இங்கே தொட்டுப் பார்க்கலாம், விரல் சுடாது.

ஆனைமலைக்குப் போவதைப் பற்றி. தாராளமாகப் போய்வாருங்கள். மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூசி நியாயம் கேட்டவர்கள் என் குடும்பத்திலும் உண்டு. ஆனால் "உன்னைப் பேய் பிடித்திருக்கிறது" என்ற சொல் மட்டும் வீட்டில் யார் வாயிலிருந்தும் மகள் காதில் விழக் கூடாது. பதினைந்து வயதில் சூட்டிய அந்தப் பட்டம் முப்பது வயதிலும் கழன்று விழாத பெண்களைப் பார்த்திருக்கிறேன். இது புதிய கூத்தும் அல்ல. சங்கப் பாடல்களில், மகள் காதலில் வாடியிருக்கிறாள் என்று தெரியாத அம்மா, முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு, சாமியாடிக் குறி கேட்கும் வெறியாட்டு நடத்துவாள். விஷயம் தெரிந்த தோழி பக்கத்தில் நின்று சிரிப்பாள். நற்றிணையில் ஒருத்தி முருகனையே கேட்டுவிடுகிறாள்: "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே." நீ கடவுளாகவே இரு, ஆனாலும் உனக்கு விவரம் போதாதப்பா என்று அர்த்தம்.

போகிறதுதான் போகிறீர்கள், அங்கே படுத்த கோலத்தில் இருப்பவள் யார் என்று பஸ்ஸில் மகளுக்குச் சொல்லிக்கொண்டே போங்கள். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயை எடுத்துத் தின்றாள் என்பதற்காக நன்னன் என்ற குறுநில மன்னன் கொன்ற பெண்தான் மாசாணி என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். 81 யானைகளும், அவள் எடைக்கு எடை பொன்னில் ஒரு பாவையும் தருகிறோம் என்றபோதும் நன்னன் கேட்கவில்லை. பெண்கொலை புரிந்த நன்னன் என்று அவன்மேல் பழி நின்றுவிட்டது. அந்தக் கொலையைச் சொல்லும் பரணர் பாட்டு குறுந்தொகையில் 292ஆவது. அதில் நன்னனோடு சேர்த்து யாரைத் திட்டுகிறார்கள் தெரியுமா? ஓர் அம்மாவை. காதலன் இரவில் வந்து வெளியே மறைந்து நிற்கிறான். அவன் காதில் விழும்படி காதலியின் தோழி சொல்கிறாள். ஒருநாள் அவன் சிரித்த முகத்தோடு விருந்தாளியாக வந்தான், அவ்வளவுதான், அன்றிலிருந்து காதலியின் அம்மா "பகைமுக ஊரின் துஞ்சலோ இலளே". பகைவர் வந்து எதிரே நிற்கும் ஊர் எப்படிக் கண்ணை மூடாதோ அப்படி மூடாமல் கிடக்கிறாளாம். நன்னன் போன நரகத்துக்கே இந்த அம்மாவும் போகட்டும் என்கிறாள் தோழி.

இரவில் எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். பெண்ணைப் பெற்றவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள் என்பது எனக்கும் தெரியும். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அவள் படிக்கும் கதையில் அவனும் இதைத்தான் செய்கிறான். இரவில் அவளுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். அவள் தூக்கத்தில் உளறுவதையும் கேட்கிறான். பக்கத்து அறையில் போலீஸ்கார அப்பா குறட்டை விடுகிறார். ஒருநாள் அவனே இதை அவளிடம் சொல்லும்போது அவளுக்குக் கோபம் வரவில்லை. என்ன உளறினேனோ என்று வெட்கம்தான் வருகிறது, கூடவே ஒரு பெருமை. உங்கள் மகளின் நோட்டில் இருக்கும் அந்த வரி இந்த இடத்தைப் படித்துவிட்டு எழுதியதாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். முதல் பாகத்தில், மகள் இரவில் வெளியே கிளம்பிவிடக் கூடாதென்று அப்பா அவள் வண்டியின் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுகிறார். மூன்றாம் பாகத்தில், அவள் தன் நண்பனைப் பார்க்கப் போய்விடக் கூடாதென்று காதலன் அதே வண்டியின் எஞ்சினில் ஒரு பாகத்தைக் கழற்றி எடுத்துவிடுகிறான். இருவருமே அவளுடைய நன்மைக்குத்தான் செய்கிறார்கள். நான்கு தடித்த பாகங்களில் எனக்கு இந்த இரண்டு இடமும்தான் மனதில் தங்கின. ஆசிரியை இதைத் தெரிந்து எழுதினாரா என்று தெரியாது, ஆனால் என் அறையில் நான் தினமும் பார்ப்பது இதுதான். பாசம் இருப்பவர்கள் பையைச் சோதிப்பார்கள், போனைப் பிடுங்குவார்கள், நோட்டைப் புரட்டுவார்கள் என்று வீட்டிலேயே பழகிய பெண்ணுக்கு, நாளைக்கு ஒருவன் "யாரோடு பேசிக்கொண்டிருந்தாய், போனைக் கொடு" என்று கேட்டால் அது தப்பாகவே தோன்றாது. என்மேல் எவ்வளவு அக்கறை என்றுதான் தோன்றும். கெடுத்துவிடாதா என்று கேட்டீர்களே, இந்தப் புத்தகத்தில் நான் பயப்படுவது இரத்தத்துக்கு அல்ல, இந்த இடத்துக்குத்தான். அதை அவள் கண்டுகொள்ள வேண்டுமானால், முதலில் நீங்கள் இரவுக் காவலை விட வேண்டும். ஒயரைக் கழற்றிய கையோடு, எஞ்சினைக் கழற்றியவனைப் பற்றி அவளிடம் பேச முடியாது.

அதனால் நோட்டைப் படித்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். ஒரே வரி போதும். "ஆனாலும் நான் எதற்காகப் படித்தேன் என்றால்" என்று அதற்கு வால் சேர்க்காதீர்கள்.

பிறகு அந்தப் புத்தகத்தைப் பற்றி அவளிடமே கேளுங்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்றால் இன்னும் நல்லது, கதையை அவளைச் சொல்லச் சொல்லுங்கள். தலை பின்னிவிடும் நேரம் இதற்கு வாகானது. முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, அவளாலும் எழுந்து ஓட முடியாது. சொல்லிக்கொண்டு வரும்போது அவன் இரவில் வீட்டுக்குள் வரும் இடம் வரும். பாடம் நடத்தாமல், "அவளைக் கேட்டுவிட்டு வந்திருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த முடிக்கற்றையை எடுத்துப் பின்னுங்கள். அவள் அவனுக்காகச் சண்டை போடுவாள், போடட்டும். என்னோடு சண்டை போட்ட பெண்களில் ஒருத்தி மூன்று மாதம் கழித்து வந்து, "அவன் கொஞ்சம் ஓவர்தான் மேடம்" என்றாள். மூன்றாம் பாகத்து எஞ்சின் சமாச்சாரத்தை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். கதையின் சஸ்பென்ஸை உடைத்த அம்மாவை எந்தப் பிள்ளையும் மன்னித்ததில்லை.

இரண்டாம் பாகம் கைக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் பக்கத்தில் இருங்கள். அதில் அவன் அவளை விட்டுப் போய்விடுகிறான். மாதப் பெயரைத் தவிர ஒரு வார்த்தையும் இல்லாத பக்கங்கள் வரும், அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று. துக்கத்தில் காலம் நகர்வதை அப்படிக் காட்டியிருக்கிறார், நன்றாகவே இருக்கிறது. அதன் பிறகு, ஆபத்தில் மாட்டும்போது அவன் குரல் காதில் கேட்கிறது என்று கண்டுபிடித்து, மோட்டார் சைக்கிளில் தாறுமாறாகப் போகிறாள், பாறை உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறாள். பிரிவில் துவண்டிருக்கும் ஒரு பெண் இதைப் படிப்பது எனக்குப் பிடிக்காது. உங்கள் மகள் அப்படித் துவண்டிருப்பதாகக் கடிதத்தில் எதுவும் இல்லை. சாப்பாடு குறைந்தால், தோழிகளை விட்டு ஒதுங்கினால், புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருந்தால், சாவைப் பற்றிப் பேசினால் அல்லது எழுதினால், எனக்குக் கடிதம் எழுதி நாளைக் கடத்த வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் உடனே பேசுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

நூறு வயதுக்காரன் பதினேழு வயதுக்காரியோடு பழகுவது கதையில் உறுத்தவில்லை, முகம் இளசாக இருப்பதால். நிஜத்தில் அது போனில்தான் வரும். இருபத்தாறு வயதுக்காரன் ஒருவன் "உன் வயதுப் பெண்கள் மாதிரி நீ இல்லை, உனக்கு எல்லாம் புரிகிறது" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுவான். அதுவும் கிட்டத்தட்ட இந்தக் கதாநாயகன் பேசும் பேச்சுதான். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் எல்லை மீறுவது 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. அப்படி ஒரு செய்தி வந்தால் அவள் முதலில் உங்களிடம் காட்ட வேண்டும். காட்டுவாளா என்பது இந்தப் புத்தக விஷயத்தில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

தூக்கத்துக்கு வருவோம். பொதுத்தேர்வு வருடம், பத்தரைக்கு விளக்கை அணைக்கட்டும். அதுவரை விளக்கைப் போட்டுக்கொண்டே படிக்கட்டும், கண்ணாவது மிஞ்சும்.

கடைசியாக அரிசி டிரம். இன்றைக்கே புத்தகத்தை வெளியே எடுங்கள். அது உங்கள் மகளின் புத்தகம்கூட இல்லை. வேறொரு வீட்டுப் பெண் கொடுத்தது, தினமும் பள்ளியில் இவளிடம் கேட்டுக்கொண்டிருப்பாள், இவள் என்ன பொய் சொல்லிச் சமாளிக்கிறாளோ. வண்டு இருந்தால் தட்டிவிட்டு, தவிட்டைத் துணியால் துடைத்து, அவள் மேசைமேல் வைத்துவிடுங்கள். உள்ளே அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்டோ மயிலிறகோ இருந்தால் அது இருக்கும் பக்கத்திலேயே இருக்கட்டும்.